ஊசியிலைக் காட்டுக் குருவியும் கல்வராயன் மலையும்: எண்ணிக்கையை எந்தக் காடு தீர்மானிக்கிறது?

புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறக்கும் நாட்களில் கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் ஒன்றான கல்வராயனுக்கு ஒரு குருவி வந்து சேர்கிறது. எடை ஏழெட்டு கிராம் இருக்கும். மேலே மங்கிய பச்சை, கீழே அழுக்கு வெள்ளை, கண்ணுக்கு மேல் வெளிறிய கீற்று. கடுக்காய் மரத்திலோ பலாவிலோ இலைக்கு இலை தாவி, இலையின் அடிப்புறத்தை அண்ணாந்து பார்த்துப் பூச்சி பொறுக்கும். ஒரு நொடிகூட ஓரிடத்தில் நிற்காது. கண்ணில் படுவதற்கு முன் அதன் குரல்தான் காதில் விழும்: ‘ச்சிஸ்-வீ’ என்று இரண்டு அசை. பச்சைக் கதிர்க்குருவி என்று பறவை நூல்கள் இதைக் குறிக்கின்றன. பங்குனி, சித்திரையில் கிளம்பிவிடும். அது கூடு கட்டுவது இமயத்தின் மர எல்லையை ஒட்டிய ஊசியிலைக் காடுகளிலும், அதற்கும் வடக்கே மத்திய ஆசியா, ரஷ்யா வரை விரிந்த காடுகளிலும்.

ஆண்டில் ஏறக்குறைய ஆறு மாதம் இங்கே, முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் சில வாரங்கள் அங்கே, மீதி வழியில். அப்படியானால் இந்தப் பறவை எத்தனை உயிரோடிருக்கும் என்பதை எந்த இடம் முடிவு செய்கிறது? கூடு கட்டும் காடா, குளிர்காலத்தைக் கழிக்கும் மலையா? உலகம் முழுவதும் வலசைப் பறவைகளை ஆராய்வோர் எழுபது ஆண்டுகளாக இதைக் கேட்டு வருகிறார்கள். வந்த பதில்கள் பல. எதுவும் முழுமையாக நிலைபெறவில்லை. அந்தப் பதில்களைக் கல்வராயன் போன்ற நடுத்தர உயரமுள்ள மலையில் நின்று பார்த்தால், பாடநூல்களில் தெரியாத சில ஓட்டைகள் தெரிகின்றன.

பட்டியலில் தொடங்கிய கதை

பறவைகள் பருவத்துக்கேற்ப வடக்கும் தெற்குமாகப் போய்வருகின்றன என்பது தமிழருக்குப் புதிதல்ல. சத்திமுத்தப் புலவர் நாரையைத் தூதாக்கியபோது, தென்குமரியில் ஆடி வடதிசைக்குத் திரும்பும் பறவையாகவே அதைக் கண்டார். ஆனால் நாரை பெரிய பறவை. வானில் போவது எல்லோர் கண்ணிலும் படும். இரவில் பறந்து, பகலில் இலைக்குள் மறையும் ஏழு கிராம் குருவி எங்கிருந்து வந்தது என்று சொல்லக் கண் மட்டும் போதாது.

அறிவியல் முறையிலான தொடக்கம் 19ஆம் நூற்றாண்டில். சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணியாற்றிய தாமஸ் ஜெர்டான் தென்னிந்தியப் பறவைகளைப் பட்டியலிட்டு, 1862 முதல் 1864 வரை இந்தியப் பறவைகள் பற்றிய பெருநூலை வெளியிட்டார். தென்னிந்தியாவின் பாறைச் சரிவுகளுக்கே உரிய மஞ்சள்தொண்டைச் சின்னானை அறிவியலுக்கு அறிமுகம் செய்தவரும் அவரே. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் சார்பில் 1929, 1930 ஆண்டுகளில் வெர்னே கள ஆய்வு கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் முகாம் முகாமாக நகர்ந்தது. அதன் பறவைப் பகுதியை ஹியூ விஸ்லரும் நார்மன் கின்னியரும் சங்கத்தின் இதழில் தொடராக எழுதினர். சேர்வராயனும் சித்தேரியும் அந்த முகாம்களில் உண்டு. சித்தேரி மலை கல்வராயனுக்கு மேற்கே தோளோடு தோள் ஒட்டி நிற்பது. இலைக் கதிர்க்குருவிகளின் பேரினம் முழுவதையும் ஆராய்ந்து கிளாட் டைஸ்ஹர்ஸ்ட் 1938இல் நூல் வெளியிட்டபோது எந்த இனம் எங்கே கூடு கட்டும், எங்கே குளிர்காலம் கழிக்கும் என்ற வரைபடம் ஓரளவு தெளிவானது.

இந்தக் காலத்து வேலையின் பலமும் பலவீனமும் ஒன்றே: பறவையைச் சுட்டு, பதப்படுத்தி, நாளையும் ஊரையும் எழுதிவைத்தார்கள். ‘எது, எங்கே, எப்போது’ என்பதற்கு அது பதில் தரும். ‘எத்தனை, ஏன்’ என்பதற்குத் தராது. ஒரு முகாம் ஒரு மலையில் சில வாரங்கள்தான் இருந்தது. அடுத்த ஆண்டு அதே மரத்துக்கு அதே குருவி வந்ததா என்று கேட்க யாரும் அங்கே இல்லை. சுட்ட பறவை திரும்பி வரப்போவதும் இல்லை.

கூடு கட்டும் காடே தீர்மானிக்கிறது

முதல் கட்சியின் வாதம் எளிது. பறவை பெருகுவது கூட்டில். குஞ்சுகள் பிழைக்காவிட்டால் மற்றெதுவும் பயனில்லை. காடு துண்டுபட்டால் கூடுகளைச் சூறையாடும் விலங்குகளும் பறவைகளும் ஓரங்கள் வழியாக உள்ளே நுழைகின்றன. வட அமெரிக்காவில் 1980களில் நடந்த ஆய்வுகள் இதை வலுவாக எடுத்துக்காட்டின. சிறிய காட்டுத்துண்டுகளில் வைத்த கூடுகள் பெருங்காட்டில் வைத்தவற்றைவிட அதிகமாக அழிந்தன.

நம் பக்கத்தில் இந்தக் கட்சிக்குப் பொருந்தும் உதாரணம் காஷ்மீர் ஈப்பிடிப்பான். வடமேற்கு இமயத்தின் குறுகிய பகுதியில் மட்டுமே அது கூடு கட்டுகிறது. குளிர்காலத்தில் இலங்கையின் நுவரெலியா போன்ற மலைப்பகுதிகளிலும் நீலகிரியிலும் தங்குகிறது. கூடு கட்டும் இடம் அவ்வளவு சிறிதாக இருக்கையில் அங்கே காடு அழிந்தால் ஈடுகட்ட வேறு இடம் இல்லை. அழிவின் விளிம்பை நோக்கும் இனமாக அது பட்டியலிடப்பட்டிருப்பதற்குக் கூடு கட்டும் காட்டின் இழப்பையே முதன்மைக் காரணமாகக் கருதுகின்றனர்.

ஆனால் பச்சைக் கதிர்க்குருவிக்கு இந்த வாதத்தை அப்படியே பொருத்த முடியாது. அது கூடு கட்டும் பரப்பு ஐரோப்பாவின் கிழக்கு ஓரத்திலிருந்து சைபீரியா வரை, தெற்கே இமயம் முழுவதும். அவ்வளவு பெரிய கோடைக் காட்டிலிருந்து வரும் பறவைகளில் பெரும் பகுதி தெற்காசியாவுக்குள் நெருங்கி அமர்கிறது. அகன்ற வாயும் குறுகிய அடியும் கொண்ட புனல் போன்ற அமைப்பு இது. நெரிசல் எங்கே ஏற்படும் என்பதை ஊகிப்பது கடினமில்லை. இரண்டாம் கட்சிக்கு வலு சேர்ப்பது இந்தப் புனல்தான்.

குளிர்கால இடமே தீர்மானிக்கிறது

டேவிட் லாக் 1954இல் எழுதிய நூலில், பறவைகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவது பெரும்பாலும் இனப்பெருக்கம் அல்லாத காலத்தில் கிடைக்கும் உணவே என்று வாதிட்டார். ஸ்டீபன் ஃப்ரெட்வெல் 1972இல் வெளியிட்ட நூல் பருவம் மாறும் சூழலில் உயிரினங்களின் எண்ணிக்கையைக் கணக்காக எழுதிக் காட்டியது. குளிர்காலம் இறுக்கிப் பிடித்தால், கோடையில் எத்தனை குஞ்சு பொரித்தாலும் அடுத்த ஆண்டு எண்ணிக்கை பெரிதாக உயராது என்பது அதன் சாரம்.

இந்தக் கட்சிக்குக் கிடைத்த மிகப் பெரிய சான்று பிரிட்டனிலிருந்து வந்தது. 1968க்கும் 1969க்கும் இடையே அங்கே கூடு கட்ட வந்த வெண்தொண்டைக் கதிர்க்குருவிகள் 77 விழுக்காடு குறைந்தன. பிரிட்டனின் வேலிப்புதர்களில் ஒன்றும் மாறவில்லை. ஆப்பிரிக்காவில், சகாராவின் தென்விளிம்பான சாஹேல் பகுதியில், மழை பொய்த்திருந்தது. குருவிகள் அங்கே மடிந்தன; வெற்றிடம் இங்கிலாந்தில் தெரிந்தது. மழைக்கும் வலசைப் பறவைக்கும் உள்ள பிணைப்பை இதைவிடக் கூர்மையாகக் காட்டிய நிகழ்வு அரிது.

இந்தியாவில் இந்தத் திசையில் நடந்த வேலையைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். நம் மலைக்கு மிக அருகில் வருவது இதுதான். ட்ரெவர் பிரைஸ் 1970களில் ஆந்திரத்தின் வடபகுதியில், கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் தங்கிப் பருவம் முழுவதும் பறவைகளைப் பதிவு செய்தார். அப்பகுதிப் பறவைகளின் பருவ வரவைப் பற்றிய கட்டுரை 1979இல் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்க இதழில் வந்தது. பச்சைக் கதிர்க்குருவியின் குளிர்கால வாழ்வு பற்றிய கட்டுரை 1981இல் வெளியானது. அதில் தெரியவந்த முக்கியமான செய்தி, குளிர்காலத்தில் இக்குருவி கூட்டமாக அலைவதில்லை என்பது. ஒவ்வொன்றும் சில மரங்களைத் தன் எல்லையாகப் பிடித்துக்கொண்டு, குரல் கொடுத்து, மற்றதை விரட்டி, பருவம் முழுவதும் காக்கிறது. மலையில் இடைவிடாமல் கேட்கும் அந்த ‘ச்சிஸ்-வீ’ உண்மையில் ‘இது என் மரம்’ என்ற அறிவிப்பு.

எல்லை பிடிக்கும் பறவை என்றால் இடம் அளவுக்குட்பட்டது. அளவுக்குட்பட்ட இடத்துக்குப் போட்டி இருக்கும். போட்டியில் தோற்றவை இலை குறைந்த, பூச்சி குறைந்த இடத்துக்குத் தள்ளப்படும். குளிர்காலக் கட்சியின் அடிப்படை இதுவே.

பிரைஸும் மதுசூதன் கட்டியும் பின்னர் திருநெல்வேலி மாவட்டத்து முண்டந்துறையில் இதே குருவிகளைத் தொடர்ந்து ஆராய்ந்தனர். குளிர்கால விருந்தாளிகளைத் தட்பவெப்பம் எப்படிப் பாதிக்கிறது என்ற கட்டுரை 1996இல் வந்தது. பறவை உடலில் சேமிக்கும் கொழுப்பு ஆண்டுக்கு ஆண்டு மாறுவதைப் பற்றிய கட்டுரை 1999இல் வந்தது. முண்டந்துறை மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவு. வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் இடம். ஐப்பசி, கார்த்திகையில் மழை எப்படிப் பெய்தது என்பது தை, மாசியில் இலையில் எத்தனை பூச்சி இருக்கும் என்பதையும், அதன்வழி குருவியின் உடல்நிலையையும் தொடுகிறது. கல்வராயனுக்கும் அந்த மழை முக்கியம்.

இந்தக் கட்சியின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். குளிர்காலத்தில் பறவை மெலிகிறது என்று காட்டுவது எளிது. அதனால் அடுத்த ஆண்டு மொத்த எண்ணிக்கை குறைகிறது என்று காட்டுவது கடினம். மெலிந்த பறவை சாகாமல் வடக்கே போய்ச் சேர்ந்து, அங்கே ஆள் குறைந்த காட்டில் நன்றாகக் குஞ்சு பொரிக்கலாம். சாஹேல் போன்ற பேரழிவு ஆண்டுகள் நிரூபிப்பது பேரழிவை மட்டுமே. சாதாரண ஆண்டுகளில் குளிர்காலம்தான் கடிவாளம் பிடிக்கிறது என்பதற்கு அது போதாது.

கேள்வியே பிழையா?

1990களில் விவாதம் திசை மாறியது. வில்லியம் சதர்லாண்ட் 1996இல் காட்டியது இதுதான்: இரண்டு பருவங்களும் ஒரே கணக்கின் இரு பகுதிகள், நெருக்கம் கூடும்போது எந்தப் பருவத்தில் இழப்பு வேகமாக ஏறுகிறதோ அந்தப் பருவத்து வாழிட இழப்புதான் எண்ணிக்கையை அதிகம் குறைக்கும். ‘கோடையா, குளிர்காலமா’ என்று ஒற்றைப் பதிலைத் தேடுவது வீண். எந்தச் சரிவு செங்குத்தானது என்பதை அளக்க வேண்டும்.

பீட்டர் மாராவும் உடன் ஆய்வாளர்களும் 1998இல் வெளியிட்ட கட்டுரை இன்னொரு கண்ணியைச் சேர்த்தது. ஜமைக்காவில் ஈரமான அலையாத்திக் காட்டில் குளிர்காலம் கழித்த அமெரிக்கச் செவ்வால் குருவிகள், வறண்ட புதர்க்காட்டில் கழித்தவற்றைவிட முன்னதாக வடக்கே கூடு கட்டும் இடத்துக்கு வந்து சேர்ந்தன. அவற்றின் திசுக்களில் உள்ள கரி ஐசோடோப்புகளே எந்தப் பறவை எங்கே தங்கியது என்று காட்டிக்கொடுத்தன. முன்னதாக வருபவற்றுக்கு நல்ல இடம் பிடித்து நன்றாகக் கூடு கட்டும் வாய்ப்பு அதிகம். அதாவது குளிர்கால வறட்சி பறவையைக் கொல்லாமலேயே கோடைக் கூட்டில் எதிரொலிக்கலாம்.

இந்த நிலைப்பாடு இன்று பெரும்பாலோரால் ஏற்கப்படுகிறது. ஏற்பதற்குத் தக்க காரணமும் உண்டு. ஆனாலும் ‘இரண்டும் முக்கியம்’ என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்ததாக எண்ணும் ஆபத்து இதில் இருக்கிறது. எந்தப் பறவைக்கு, எந்த மலையில், எந்தப் பருவம் எவ்வளவு என்ற அளவு இல்லாமல் அந்த வாக்கியம் எதையும் சொல்வதில்லை. சதர்லாண்டின் கணக்கு கேட்கும் எண்கள் தெற்காசியாவின் பெரும்பாலான வலசைக் குருவிகளுக்கு இன்னும் எட்டாதவை.

எந்த ஊசியிலைக் காடு?

அந்த எண்களை எடுக்கத் தடையாக இருக்கும் முதல் சிக்கல் அடையாளம். வடக்கிலிருந்து வரும் குருவி என்று சொல்வது சுலபம், எந்த வடக்கு? டேரன் இர்வின், ஸ்டாஃபன் பென்ஷ், பிரைஸ் மூவரும் 2001இல் நேச்சர் இதழில் காட்டியபடி, பச்சைக் கதிர்க்குருவி திபெத் பீடபூமியைச் சுற்றி வளையமாகப் பரவிய இனம். வளையத்தின் இரு முனைகளும் மத்திய சைபீரியாவில் சந்திக்கும் இடத்தில் ஒன்றோடொன்று கலப்பதில்லை, பாட்டே வேறாகிவிட்டது. இந்தியத் தீபகற்பத்தில் குளிர்காலம் கழிப்பவற்றில் மத்திய ஆசிய, மேற்குச் சைபீரியக் காடுகளில் கூடு கட்டும் கிளையும் உண்டு. மேற்கு இமயத்துக் கிளையும் இருக்கலாம். காகசஸ் மலையில் கூடு கட்டும் நெருங்கிய உறவினமும் தென்னிந்தியா வருகிறது. கல்வராயனின் வெள்ளிமலையில் ஒரே ஓடைக்கரையில் பக்கத்துப் பக்கத்து மரங்களைப் பிடித்த இரண்டு குருவிகள் இரண்டு நாட்டுக் காடுகளைச் சேர்ந்தவையாக இருக்கக்கூடும்.

பிரிக்க வழிகள் உண்டு. கால்வளையம் பழைய முறை. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் சாலிம் அலி தலைமையில் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு பறவைகளுக்கு வளையமிடும் பெரும் திட்டத்தை நடத்தியது; கோடிக்கரை அதன் முக்கிய நிலையங்களில் ஒன்று. நீர்ப்பறவைகளில் அது நல்ல பலன் தந்தது. சிறு குருவியின் வளையம் இன்னொரு நாட்டில் கைக்குக் கிடைப்பது அரிது. முதுகில் கருவி கட்டலாமென்றால், பறவையின் எடையில் 3 முதல் 5 விழுக்காட்டுக்கு மேல் சுமை ஏற்றக்கூடாது என்பது பொது விதி. ஏழு கிராம் குருவிக்கு அது கால் கிராமுக்கு அக்கம்பக்கம். அதற்குள் ஒரு கருவியை அடக்குவது பெரும்பாடு. இறகில் உள்ள ஹைட்ரஜன் ஐசோடோப்பு இன்னொரு வழி: இறகு வளர்ந்த இடத்து மழைநீரின் கையொப்பம் இறகில் தங்குகிறது. ஒரே ஓர் இறகு போதும். ஆனால் அது தருவது அகலமான பட்டையைத்தான், ஊரை அல்ல.

மறுமுனையிலும் வேலை நடந்திருக்கிறது. பிரைஸ் காஷ்மீரின் ஓவேரா சரணாலயத்தில், பஹல்காமை ஒட்டிய ஊசியிலைக் காடுகளில், கூடு கட்டும் கதிர்க்குருவிகளின் உடலமைப்பும் வாழ்வும் உயரத்துக்கு ஏற்ப எப்படி மாறுகின்றன என்று ஆராய்ந்தார். அது 1991இல் வெளியானது. ஒரே ஆய்வாளர் கோடையில் பைன், பிர் மரங்களுக்கிடையேயும் குளிர்காலத்தில் தென்னகத்துக் காடுகளிலும் ஒரே பேரினத்தைப் பின்தொடர்ந்தது அபூர்வமான முயற்சி. ஓவேராவுக்கும் முண்டந்துறைக்கும் நடுவே இருக்கும் மலைகளில் பெரும்பாலானவையோ அத்தகைய தொடர்ச்சியான கவனிப்பைப் பெறவில்லை.

கல்வராயன் என்ன சொல்லக்கூடும்

கல்வராயன் மலைத்தொடர் சுமார் 1,095 சதுர கிலோமீட்டர். கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்தபோது மலையின் பெரும்பகுதி அதன்கீழ் வந்தது. மற்றவை சேலம் உள்ளிட்ட அண்டை மாவட்டங்களில். அடிவாரத்தில் முட்காடு, சரிவில் இலையுதிர் காடு, மேட்டு நிலத்தில் மண் ஆழமாக உள்ள மடிப்புகளில் சோலைத் துண்டுகள். இங்கே இயற்கையான ஊசியிலை மரம் கிடையாது. தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் ஊசியிலை வகை நாகேயா ஒன்றே. அதுவும் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காட்டில். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் நாம் பார்க்கும் பைன் தோப்புகள் மனிதர் நட்டவை. ஊசியிலைக்கிடையே பிறந்த குருவி இங்கே அகன்ற இலைகளில் ஆறு மாதம் பிழைக்க வேண்டும்.

இலைதான் இங்கே முடிச்சு. மார்கழி வரை சரிவெங்கும் பச்சை. தை பிறந்ததும் இலையுதிர் காடு கொட்டத் தொடங்குகிறது. மாசியில் சரிவு எலும்பாகிவிடும். இலையின் அடிப்புறத்தில் பூச்சி பொறுக்கும் பறவைக்கு இலை உதிர்வது நிலம் சுருங்குவதற்குச் சமம். அப்போதும் பசுமையாக நிற்பவை ஓடைக்கரை மரங்கள், சோலைத் துண்டுகள், ஊரோரத்துப் பலா, மா, புளி. கார்த்திகையில் மலை முழுவதும் பரவியிருந்த குருவிகள் மாசியில் இந்தப் பச்சைக் கீற்றுகளுக்குள் நெருங்குகின்றனவா? அல்லது வலுவானவை தொடக்கத்திலேயே அவற்றைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை உள்ளே விடுவதில்லையா? இரண்டாவது நடந்தால், கரியாலூர், வெள்ளிமலைப் பகுதியில் ஓர் ஓடைக்கரையை வெட்டுவது அதன் பரப்பைவிடப் பல மடங்கு பெரிய இழப்பு. குளிர்காலக் கட்சியின் வாதத்தைச் சோதிக்க இதைவிடத் தோதான இடம் அதிகம் இல்லை.

நிலமும் மாறி வருகிறது. சாமையும் கேழ்வரகும் விளைந்த கொல்லைகளில் சேகோ ஆலைகளுக்கான மரவள்ளி பரவியிருக்கிறது. சாமைக் கொல்லையில் நடுவே விட்டுவைத்த மரங்கள் உண்டு. மரவள்ளிக்கு வெயில் வேண்டும். புரூஸ் பீலர், கிருஷ்ண ராஜு, ஷாஹித் அலி ஆகியோர் கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் மனிதக் கை பட்ட காடுகளைப் பறவைகள் எப்படிப் பயன்படுத்துகின்றன என்று 1987இல் எழுதினர். அதே கேள்வியை இங்கே கொல்லை மரங்களை முன்வைத்துக் கேட்க வேண்டியிருக்கிறது. எந்த மரம் எப்போது உதிரும், எதில் எந்த மாதம் புழு வைக்கும் என்பதைத் தலைமுறைகளாகக் கடுக்காய் பொறுக்கும் மலையாளிப் பழங்குடி மக்கள் அறிவார்கள். அந்த அறிவைப் பட்டியலின் பின்னிணைப்பாக வைப்பது தவறு. ஆய்வின் திட்டத்திலேயே அது இருக்க வேண்டும்.

மக்கள் எடுக்கும் கணக்கு

2015 முதல் பொங்கல் நாட்களில் தமிழகம் முழுவதும் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பும், வனத்துறையின் ஒருங்கிணைந்த கணக்கெடுப்பும் பெரிய வரவு. 2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 30,000க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்களின் பதிவுகளைக் கொண்டு 942 இனங்களை மதிப்பிட்டது. நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 இனங்களில் 60 விழுக்காடு குறைந்திருப்பதாகவும், நெடுந்தொலைவு வலசை வருபவை உள்ளூர்ப் பறவைகளைவிட அதிகம் குறைந்திருப்பதாகவும் அது கண்டது. அச்சம் தரும் செய்தி. எங்கே குறைகின்றன என்பதற்கு மட்டும் அதில் விடை இல்லை, இருக்கவும் முடியாது. எண்ணப்படுவது குளிர்காலத்தில், காரணம் சைபீரியாவில் இருக்கலாம், கல்வராயனிலும் இருக்கலாம். பறவை பார்ப்போர் எளிதில் செல்லும் இடங்களின் சித்திரமே இத்தகைய பதிவுகளில் தெளிவாக விழும் என்பதையும் மறக்கலாகாது. பொங்கல் நாட்களில் எடுக்கும் கணக்கு, இலை உதிரத் தொடங்கும் வேளையின் நிலையைச் சொல்லும். மாசியில் நடக்கும் நெருக்கத்தைச் சொல்லாது.

இன்னும் முடிவாகாதவை

மூன்று நிலைகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்கையில், பச்சைக் கதிர்க்குருவி போன்ற பரந்த இனங்களுக்குக் குளிர்கால நிலம் கடிவாளமாக இருக்கும் வாய்ப்பு அதிகம் என்றே தோன்றுகிறது. எல்லை பிடிக்கும் பழக்கமும் புனல் போன்ற புவியியலும் அதற்குச் சார்பானவை. காஷ்மீர் ஈப்பிடிப்பான் போன்ற குறுகிய இனங்களுக்குக் கூடு கட்டும் காட்டின் பக்கமே தராசு சாய்கிறது. இந்த மதிப்பீடு திருத்தத்துக்கு உட்பட்டது.

வறட்சி ஆண்டில் கல்வராயனில் மெலிந்த குருவி இங்கேயே மடிகிறதா, வழியில் மடிகிறதா, பிந்திப் போய் மோசமான கூட்டிடத்தைப் பெறுகிறதா என்பது தெரியவில்லை. வண்ணக் கால்வளையமிட்ட பறவைகளை ஐப்பசி முதல் பங்குனி வரை, நல்ல மழை ஆண்டு ஒன்றும் பொய்த்த ஆண்டு ஒன்றும் அகப்படும் அளவுக்குத் தொடர்ந்து பார்த்தால் முதல் பகுதிக்கு விடை கிடைக்கும். ஓடைக்கரைக் குருவியும் சரிவுக் குருவியும் அடுத்த ஐப்பசியில் எந்த விகிதத்தில் திரும்புகின்றன என்பது அதில் தெரிந்துவிடும். திரும்பாதவை எங்கே போயின என்பதை மலையில் இருந்துகொண்டு சொல்ல இயலாது. அதற்கு ஓர் இறகும், இறகு வளர்ந்த காட்டில் கோடையில் எண்ணிக்கொண்டிருக்கும் இன்னொருவரும் வேண்டும்.